வருகைகளை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள்

சமுதாய நலச் செவிலியர்களின் வேலையைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீடு வீடாகப் போய்த் தொற்றுநோயாளிகளைப் பார்க்கிற செவிலியர்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கான படிவங்களையும் மாத இலக்குகளையும் கைப்பேசிச் செயலிகளையும் வகுப்பவர்கள் நீங்கள். நாம் நேரில் சந்தித்துக்கொள்வது அபூர்வம். மாதக் கூட்டத்தில் உங்கள் சார்பில் யாரோ ஒருவர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்த மாதம் எத்தனை விசிட்?" பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். இந்த மடல் அந்த எண்ணிக்கையைப் பற்றியது.

சர்க்கரை நோய் உள்ளவரின் வீட்டுக்குப் போனால், அவரைப் பார்த்து, காலைச் சோதித்து, மருந்தைச் சரிபார்த்துவிட்டு வரலாம். வேலை ஏறக்குறைய முடிந்தது. காசநோய் உள்ளவரின் வீட்டுக்குப் போய் அவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் வேலை பாதியில் நிற்கிறது. அதே அறையில் தூங்கும் கைக்குழந்தை, ஒரு மாதமாக இருமிக்கொண்டே 'இது வெறும் தூசி' என்று சொல்லும் அண்ணன், பரிசோதனைக்குப் போக ஒருநாள் கூலியை விட முடியாத மருமகள் என்று மீதி வேலை அங்கேயே காத்திருக்கிறது. தொற்றுநோய் ஒருவர் உடம்பில் தெரிந்தாலும் அது வீட்டுக்கு வந்த நோய். உங்கள் படிவத்தில் நோயாளிக்கு ஒரு வரி இருக்கிறது, வருகைக்கு ஒரு தேதி இருக்கிறது. வீட்டுக்குக் கட்டமே இல்லை.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஸ்கேபிஸ் சிரங்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சிறுவனுக்கு இரவெல்லாம் அரிப்பு, விரலிடுக்கில் கொப்புளம். மருத்துவர் பெர்மெத்ரின் களிம்பு எழுதுகிறார், அவன் பெயருக்கு ஒரு ட்யூப் வருகிறது. அதை ஒழுங்காகவே பூசுகிறார்கள், அரிப்பு குறைகிறது, சில வாரங்களில் திரும்பவும் வந்துவிடுகிறது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்: முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த வாரங்களில் அக்காவுக்கும் பாட்டிக்கும் ஒன்றுமே தெரியாது, ஆனால் நோயைத் தரும் நுண்ணிய பூச்சி தோலுக்குள் இருக்கும். வீட்டில் உள்ள எல்லோரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. ஆனால் மருந்துக் கிடங்கு ஒரு நோயாளிக்கு ஒரு ட்யூப்தான் தரும். பெயர் பதியாத 5 பேருக்கு மருந்து கேட்டால், ஸ்டாக் ரெஜிஸ்டர் உதைக்கும் என்கிறார்கள். ஆக, அதே சிறுவன் 3 முறை 'புதிய நோயாளி' ஆகிறான், என் கணக்கில் 3 வருகை ஏறுகிறது. மாதக் கூட்டத்தில் எனக்குப் பாராட்டுகூடக் கிடைக்கலாம்.

தட்டம்மை இன்னும் அவசரமான விஷயம். உடம்பில் புள்ளிகள் வெளியே தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அந்தக் குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. தெரிந்த பிறகும் 4 நாள் வரை பரப்பும். அது இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் வைரஸ் 2 மணி நேரம் வரை இருக்கக்கூடும். நாங்கள் செய்தி கேட்டுப் போய்ச் சேரும்போது, அதே வீட்டில் இருக்கும் தம்பிக்குத் தொற்று நேர்ந்து நாள் ஆகியிருக்கும். தொற்றுக்கு ஆளாகி 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. தம்பி விஷயத்தில் அந்த நேரம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். ஆனால் நேற்று மாலை விளையாட வந்துபோன பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கடந்திருக்காது. அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு நேரம் வேண்டும். தொற்றிய நாளிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 14 நாளில் அடுத்த வரிசைக் குழந்தைகளுக்குப் புள்ளிகள் தெரியும். அதாவது நான் அந்த வீட்டுக்குக் கண்டிப்பாகத் திரும்பிப் போக வேண்டியது அப்போதுதான். உங்கள் செயலியில் அதற்குள் முதல் குழந்தை 'குணமடைந்தது' என்று பதிவாகி, அந்த வீடே பட்டியலிலிருந்து மறைந்திருக்கும்.

தட்டம்மைக் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுப்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 1 லட்சம், அதற்கும் சிறிய குழந்தைக்கு 50,000. இன்று ஒன்று, நாளை ஒன்று. கண்பார்வையையும் உயிரையும் காக்கிற மருந்து இது. இரண்டாம் நாள் மருந்துக்காகப் போவதை, 'ஒரே வாரத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு வருகை தேவையா?' என்று மேலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

சரி, காசநோய்க்கு வருகிறேன். என் வேலை நேரத்தின் பெரும்பகுதி அதில்தான் போகிறது.

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பது இன்று நமக்குச் சாதாரண விஷயம். ஒரு காலத்தில் அப்படி இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு என்று மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைப்பார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, சத்துக் குறைவு, ஓய்வும் கிடையாது. அப்படியிருந்தும் குணமானதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஆய்வின் இன்னொரு பாதியைத்தான் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நோயாளிகளின் குடும்பத்தாரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏதுமில்லை. காரணம் எளிது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. சரியான மருந்து தொடங்கியதும் பரவல் வேகமாகக் குறைகிறது. ஆகவே, 'தட்டைத் தனியாக வை, துணியைத் தனியாகத் துவை' என்று சொல்லிவிட்டு வருவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நோயாளியை மனதளவில் ஒதுக்கி வைப்பதற்குத்தான் அது பயன்படும். ஏற்கெனவே தொற்றியவர்கள் யார், அவர்களில் யாருக்கு நோயாக மாறப்போகிறது என்று தேடிப் பிடிப்பதே எங்கள் வேலை. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் எச்ஐவி உள்ளவர்களும் அதில் முதலில் வர வேண்டியவர்கள். நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, அவர்களுக்குத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். வாரம் ஒருமுறை என 12 வாரத்தில் முடிகிற முறைகூட இப்போது உண்டு. நன்றாக ஓடியாடும் குழந்தைக்கு எதற்கு மாத்திரை என்று தாய் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி எழுந்து வர முடியாது.

நோயாளியின் மருந்தும் அப்படித்தான். மருந்துகளுக்கு அடங்குகிற வழக்கமான காசநோய்க்கு 2 மாதம் 4 மருந்து, பிறகு 4 மாதம் 2 அல்லது 3 மருந்து என்பதுதான் இன்னும் பரவலான முறை. மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது, ஆபத்தில்லை. முதல் நாளே சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் மாதம் உடம்பு தேறிவிடும். எடை கூடும், இருமல் நிற்கும், வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். மருந்தை விடுகிற ஆபத்து அதிகம் உள்ள காலம் அதுதான். எத்தாம்பியூட்டால் எடுப்பவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒழுங்காகத் தெரிகிறதா, ஐசோனியாசிட் எடுப்பவருக்குப் பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, வாந்தி இருக்கிறதா என்று பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் படிவத்தில் 'மருந்து உட்கொண்டார்: ஆம் / இல்லை' என்ற ஒரு கட்டம் இருக்கிறது.

இலக்குகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லாமல் பொது சுகாதாரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். எதை எண்ணுகிறோம் என்பதுதான் பிரச்சினை. பெரியம்மையை ஒழித்த கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேருக்குத் தடுப்பூசி போட்டோம் என்பதே முதலில் இலக்காக இருந்தது. 1966 இறுதியில் கிழக்கு நைஜீரியாவில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியின் குழுவுக்கு எல்லோருக்கும் போடும் அளவு தடுப்பூசி கையில் இல்லை. வானொலித் தொடர்பு வழியாக எந்தெந்த ஊரில் பெரியம்மை இருக்கிறது என்று விசாரித்து, நோய் உள்ள வீடுகளையும் அவற்றைச் சுற்றி உள்ளவர்களையும் தேடிப்போய்ப் போட்டார்கள். பரவல் அடங்கியது. பிறகு மற்ற நாடுகளிலும் இதுவே முக்கிய உத்தியானது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார சபை அறிவித்தது. எண்ணிக்கையை அவர்கள் கைவிடவில்லை. எத்தனை ஊசி போட்டோம் என்பதோடு, நோய் உள்ள வீட்டைச் சுற்றி யார் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டார்கள்.

வயிற்றுப்போக்கிலும் இதே பாடம் உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ரத்தக்குழாய் வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தயாரிக்கச் செய்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே செவிலியம் செய்தவர்கள் தாயும் அண்ணனும் கணவனும்தான். இன்று என் ரெஜிஸ்டரில் 'ஓஆர்எஸ் பொட்டலம் வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் போதும். பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தார்களா, ஒரு டம்ளரிலா? தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கே ஆபத்து. 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே ஒரு லிட்டர் எது என்று கண்டுபிடித்து, அந்தத் தாயையே என் முன்னால் கலக்கச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றாலும் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்ல வேண்டும். கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணியில் 'இரண்டு விசிட்' போயிருக்கலாமே என்ற கேள்வி வருகிறது.

டெங்குவைப் பற்றி இங்கே நீட்டப்போவதில்லை. அதில் வீட்டைவிடத் தெருவும் தேங்கிய தண்ணீரும் பெரிய விஷயம். ஒன்று மட்டும்: காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து தொடங்குகிற நாள். கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து கிடப்பது எல்லாம் அப்போதுதான் வரும். 'காய்ச்சல் இல்லை' என்று பதிந்தவுடன் தொடர்வருகையை நீக்கிவிடும் செயலியை எழுதியவரோடு ஒருநாள் உட்கார்ந்து பேச ஆசை.

இனிச் சொல்வது கொஞ்சம் கசப்பானது. வீட்டை எண்ணச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்குள் எங்களை விட வேண்டும் அல்லவா? அதைக் கடினமாக்குவதும் உங்கள் உத்தரவுகளே. துறையின் பெயர் எழுதிய வண்டியை வாசலில் நிறுத்தச் சொல்கிறீர்கள். நோயாளியோடு வாசலில் நின்று, இருப்பிடம் பதிவாகும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். நான் போனதற்கு ஆதாரம் வேண்டும் என்பது புரிகிறது. அந்தப் படம் எடுப்பதைத் தெருவே பார்க்கிறது. அடுத்த வாரம் போனால், 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று கதவிடுக்கிலிருந்து பதில் வருகிறது. எச்ஐவி, காசநோய், தொழுநோய் உள்ள வீடுகளில் இது சாதாரணமாக நடப்பது. என்னை நம்பிச் சொன்ன தகவல் எந்தெந்த மேசைக்குப் போகிறது என்று நோயாளி கேட்டால், நேர்மையாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெண் இருக்கிறார். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன், தனக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே டைஃபாய்டு கிருமியைச் சுமந்தவர். 1907இல் அவரை வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போய்த் தீவில் அடைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு 1910இல் விட்டார்கள். அவருக்குச் சமையலைத் தவிரக் கைகொடுக்கிற தொழில் வேறு இல்லை. துணி துவைக்கிற வேலையில் கிடைத்தது அற்பக் கூலி. 1915இல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி பிடிபட்டார். 1938இல் இறக்கும்வரை அவரை வெளியே விடவில்லை. அவர் செய்ததைச் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லாமல் 'வேலைக்குப் போகாதே' என்று எந்த நோயாளியிடமும் என்னால் சொல்ல முடிவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் பலிகொண்ட 2014–16 எபோலா காலத்தில், உடல் முழுவதும் மூடிக்கொண்டு வந்தவர்கள் இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனபோது குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்தன. குடும்பத்தாரும் பங்கேற்கிற பாதுகாப்பான அடக்கமுறை வந்த பிறகுதான் பல இடங்களில் கதவு திறந்தது.

எங்கள் பாதுகாப்பையும் இந்த எண்ணிக்கையே கெடுக்கிறது. சமுதாயச் செவிலியப் பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் விஷயங்களில் ஒன்று: பச்சிளங்குழந்தையும் பிரசவித்த தாயும் இருக்கும் வீட்டுக்கு முதலில் போ, தொற்று உள்ள வீட்டுக்குக் கடைசியாகப் போ. உங்கள் புதிய செயலி தெருத் தூரத்தை வைத்து வழி போடுகிறது. சளியில் காசநோய்க் கிருமி உள்ளவரின் வீடு முனையில் இருந்தால் அதுதான் முதல், அடுத்த கதவு பிரசவ வீடு. வரிசையை மாற்றினால் 'வழி விலகல்' என்று சிவப்பில் காட்டுகிறது. எரிபொருள் மிச்சமாகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அவசரம் இன்னொரு இடத்தில் குத்தும், நிஜமாகவே. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத செவிலியருக்கு, தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு 100க்கு 30 வரை போகலாம். எச்ஐவி வரும் வாய்ப்பு 1000க்கு 3 அளவு. குறைவு என்று தோன்றலாம், குத்தியது உங்கள் விரலில் இல்லாதவரை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் உடனேயே, தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அந்த மருந்து எங்கே இருக்கிறது, விடுமுறை நாளில் யார் தருவார் என்று கேட்டால் பல இடங்களில் யாருக்கும் தெரியாது. ஊசியை மறுபடி மூடாதே என்று சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். பைக்குள் வைத்துக்கொள்ள, ஊசி துளைக்காத கழிவுப்பெட்டி தருவதில்லை. என்95 முகக்கவசம் வருகிறது, முகத்துக்குப் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஓரம் இடைவெளி விட்டால் அதைப் போட்டதில் பெரிய பயன் கிடையாது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். நோயாளி அட்டைக்குப் பதிலாக வீட்டு அட்டை கொடுங்கள்: யார் யார் இருக்கிறார்கள், யாருக்குப் பரிசோதனை ஆனது, யாருக்குத் தடுப்பு மருந்து தொடங்கியது, யார் முடித்தார்கள். எங்கள் வேலையை அதை வைத்து அளங்கள். ஒரு காசநோய் வீட்டில் எல்லோரும் பரிசோதிக்கப்பட்டு, மருந்து வேண்டியவர்கள் எல்லோரும் அதை முடித்தால் அதை ஒன்று என்று எண்ணுங்கள். ஆறு மாதம் ஆகலாம், ஆகட்டும். ஸ்கேபிஸ் போன்ற நோய்க்கு வீட்டின் பெயரில் மருந்து எடுக்க அனுமதியுங்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். வழி விலகல் சிவப்பை அணைத்துவிடுங்கள். வாசல் படம் வேண்டாம். ஆதாரம் வேண்டுமென்றால், எப்போதாவது ஒரு மேற்பார்வையாளர் எங்களோடு வீட்டுக்குள் வந்து உட்காரட்டும், சாதாரண உடையில்.

இந்த மாற்றத்தால் முதல் ஆண்டில் வருகை எண்ணிக்கை கண்டிப்பாகக் குறையும். உங்களுக்கு மேலே இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடவும் கூடும். தேடினால் கிடைப்பார்கள் என்பதால் கூடுவது அது. அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, திட்டம் தோற்றுவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாமல் இருப்பதற்கு உங்களிடமிருந்து எழுத்தில் ஓர் உறுதி வேண்டும். அடுத்த படிவம் அச்சுக்குப் போவதற்கு முன், அதன் முதல் வரைவை வீட்டுக்குப் போகும் செவிலியர்கள் சிலரிடம் கொடுத்து, ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிரப்ப முடியாத கட்டங்களை அவர்களே அடித்துத் தருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு சமுதாய நலச் செவிலியர்